பாய்மரம் ஏறாத கொடி

முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, ஐம்பத்திரண்டு வயது வரையில் கடலைத் தவிர வேறெதிலும் கை வைத்தறியாத பேதுரு, உடையார்கட்டில் ஒரு கொடி வளர்த்தார் என்று சொன்னால் அவரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். பயற்றங்கொடியோ பாகற்கொடியோ என்றாலும் பரவாயில்லை. அவர் வளர்த்தது ஜெர்மனியில், பனி கொட்டுகிற நாட்டில், பியர் காய்ச்சுவதற்காக வளர்க்கிற கொடி.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் கரையில் இருக்க முடியாமல் உடையார்கட்டுக்கு எழும்பி வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வள்ளத்தைக் கொண்டுவர வழியிருக்கவில்லை. ஒரு மாட்டு வண்டிலில் சட்டி பானையும், மாதா படமும், கரைவலை இழுக்கிற தும்புக் கயிற்றில் பெரிய சுருள் ஒன்றும் வந்தன.

"கடலில்லாத ஊருக்குக் கயிறு எதுக்கப்பா?" என்று மனைவி அற்புதம் கேட்டாள்.

"கிடக்கட்டும்" என்றார் பேதுரு.

தில்லைநாதன் என்கிற கமக்காரர் தன் வளவின் மேற்கு மூலையில் கொட்டில் போட இடம் கொடுத்தார். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறியவர். தில்லைநாதனுக்கு நெல்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது. பேதுரு ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் மனம் அங்கே இராது. அற்புதம் விடியற்காலையில் அப்பம் சுட்டுச் சந்தியில் விற்றாள். பேதுரு குளத்தில் வலை போட்டு ஜப்பான் மீன் பிடித்தார். சேற்று மணம் அடிக்கிற அந்த மீனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய துன்பம் நித்திரைதான். பிறந்த நாள் தொட்டு அலைச் சத்தத்தில் உறங்கிய மனிதர். இங்கே சத்தமே இல்லை. மத்தியான வெயிலில் பனங்கூடலுக்குள்ளால் காற்று வரும்போது மட்டும் கடல் போலக் கொஞ்சம் இரையும். அப்போது கயிற்றுச் சுருளில் தலையை வைத்துக் கண்ணை மூடுவார். வள்ளம் அசைகிற மாதிரி இருக்கும். காற்று நின்றதும் வள்ளமும் நின்றுவிடும். கண் எரிய எழும்பி உட்காருவார். அப்படியே நாலு வருடம் போனது.

மகன் றொமேஸ் தொண்ணூற்றிரண்டில் கொழும்புக்குப் போய் அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய்விட்டான். அவனுடைய கடிதங்கள் வவுனியாவில் எங்கெங்கோ தங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். பேதுருவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பொறுமையில்லை. அற்புதம்தான் வாசிப்பாள். தொண்ணூற்று நாலில் வந்த ஒரு கடிதத்தில், தான் ஹொப்ஸ் தோட்டத்தில் வேலை செய்வதாக எழுதியிருந்தான்.

"அதென்ன ஹொப்ஸ்?" என்று அற்புதம் வேலியடியில் நின்ற தில்லைநாதனிடம் கேட்டாள்.

தில்லைநாதன் இளமையில் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தவர். "ஹொப்பர்ஸ் எண்டால் இங்கிலீசில அப்பம் அக்கா" என்றார்.

"அப்ப அவனும் என்னை மாதிரி அப்பம் சுடுறானோ?"

"தோட்டம் எண்டெல்லோ எழுதியிருக்கிறான்?"

மூன்று பேரும் மிச்சக் கடிதத்தை வாசித்து விளங்கிக்கொண்டார்கள். அது ஒரு கொடி. இருபது அடிக்கும் மேலான மரங்களை நட்டு, மேலே கம்பி இழுத்து, அதிலிருந்து நிலம் வரைக்கும் கயிறு போலக் கம்பிகளைத் தொங்கவிடுவார்கள். கொடி அதைச் சுற்றிச் சுற்றி ஏறும். கோடையில் ஒரு நாளுக்கு ஒரு சாண்கூட வளரும். கடைசியில் தோட்டம் முழுக்கப் பச்சைச் சுவர்களாக நிற்கும். கூம்பு மாதிரிப் பூ. பூவுக்குள் மஞ்சள் தூள். 'அந்தத் தூள் கையில ஒட்டினால் எத்தினை தரம் கழுவினாலும் மணம் போகாது அப்பா. இங்கத்தை வயசுபோன ஆக்கள் நித்திரை வாறதுக்கு இந்தப் பூவைத் தலைகணிக்குள்ளை வைச்சுத் தைக்கிறவை.'

பேதுரு அந்த இடத்தைத் திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து அந்தத் தோட்டம் அவருக்குள் வளரத் தொடங்கியது. குளக்கரையில் வலையோடு நிற்கும்போது, நூறு நூறு பாய்மரங்கள் நிலத்தில் நட்டு நிற்பதையும், அவற்றுக்கு நடுவே மகன் அண்ணாந்து பார்த்தபடி நடந்து போவதையும் பார்ப்பார். அது ஊரா, துறையா என்று தெரியாது. பச்சைக் கயிறுகள் ஆடும். யாரோ கீழே நின்று இழுத்தால் முழுத் தோட்டமும் பாய் விரித்துப் புறப்பட்டுவிடும் போல இருக்கும். பதில் எழுதும்போது அற்புதத்திடம் சொன்னார்: "அந்தக் கொடியில ஒண்டு அனுப்பச் சொல்லு."

"பைத்தியமே? இந்த வெயிலுக்கு அது நிக்குமோ?"

"நீ எழுது."

தொண்ணூற்றைந்து மாசியில் சண்டை நின்றிருந்தது. பாதைகள் கொஞ்சம் இளகியிருந்தன. ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வந்த கன்னியாஸ்திரி ஒருவர், சிஸ்டர் இரஞ்சிதம், ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஈரத் துணிக்குள் விரல் மொத்தத்தில் இரண்டு வேர்த்துண்டுகள். காய்ந்த இஞ்சி மாதிரி இருந்தன. ஒன்றில் மட்டும் வெள்ளையாக ஒரு முளை, அரிசியளவு.

"குளிர் நாளிலை கிண்டி எடுத்ததாம். கொடி நித்திரையா இருக்கிற நேரமாம்" என்றார் சிஸ்டர்.

பேதுரு தகரத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

எங்கே நடுவது என்று மூன்று நாள் யோசித்தார். கடைசியில் கிணற்றடிக்குக் கிழக்கே, பின்னேர வெயில் படாத இடத்தில், பெரிய மண்பானை ஒன்றை அடியில் ஓட்டை போட்டுக் கழுத்துவரை புதைத்தார். மாட்டெருவும் குளத்து மணலும் கலந்து நிரப்பினார். சுற்றிவர வைக்கோல் போட்டார். மேலே கிடுகு கட்டினார். காலையிலும் பின்னேரமும் ஒரு செம்பு தண்ணீர். தில்லைநாதன் வந்து பார்த்தார்.

"அண்ணை, வேருக்குக் குளிர் வேணும், ஆனால் வேர் அழுகக் கூடாது. ஒரு செம்பு கூடிப்போகும். அரைச் செம்பு காணும்."

முளையில்லாத துண்டு அழுகித்தான் போனது. மற்றது பங்குனி முடிவில் மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஊதா கலந்த பச்சை. தண்டு முழுக்கச் சொரசொரப்பான மயிர். பேதுரு முதலில் ஒரு நைலோன் நூலைக் கட்டிவிட்டார். கொடி வழுக்கி விழுந்தது. பிறகுதான் அவருக்குக் கயிற்றுச் சுருளின் ஞாபகம் வந்தது. தும்புக் கயிற்றில் ஒரு பாகம் வெட்டிக் கட்டினார். கொடி ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. கயிற்றின் தும்பும் கொடியின் மயிரும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. இடத்திலிருந்து வலமாகச் சுற்றியது. பேதுரு ஒரு நாள் வேண்டுமென்றே மறுபக்கம் சுற்றிவிட்டுப் பார்த்தார். மறுநாள் காலை அது தன்னைக் கழற்றிக்கொண்டு தன் பாட்டில் வலமாகச் சுற்றியிருந்தது.

"பிடிவாதக்காரன்" என்றார்.

விடியற்காலையில் அற்புதம் அடுப்பை மூட்டும்போது அவர் கொடியடியில் குந்தியிருப்பார். காற்றே இல்லாத நேரத்திலும் கொடியின் நுனி மெல்ல வட்டம் போடும். உற்றுப் பார்த்தால் அசைவது தெரியாது. ஒரு சுருட்டைக் குடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் நுனி வேறு திசையில் நிற்கும். இருட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவனைப்போல அது எதையோ தேடியது. றொமேஸ் குழந்தையாக இருந்தபோது, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றது நினைவுக்கு வரும். வெயில் ஏறி முதுகு சுடும் வரைக்கும் அங்கேயே இருப்பார்.

வைகாசியில் அவர் பாய்மரம் நட்டார். காட்டில் நேரான கம்பு ஒன்று வெட்டி, தோல் உரித்து, இருபது அடி உயரத்துக்கு நிமிர்த்தினார். நாலு பக்கமும் கயிறு இழுத்து, வள்ளத்தில் கட்டுவதுபோலக் கட்டினார். நுனியிலிருந்து கொடிக்கு மூன்று கயிறு தொங்கவிட்டார். உடையார்கட்டில் அப்படியொரு மரத்தை யாரும் பார்த்ததில்லை. சந்தியிலிருந்து ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். இது என்னவென்று கேட்டவர்களுக்கு அற்புதம், "அப்பக்கொடிக்கு" என்று சொன்னாள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆனால் அப்பக்கொடி பேதுருவின் நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. கக்கத்தில் சின்னச் சின்னப் பூ அரும்பு கட்டியது. ஏழெட்டுப் பூ. நகத்தளவு. அதற்குப் பிறகு ஒரு இலைகூட மேலே போகவில்லை. இருபது அடி மரம் வெறுமனே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இதற்கிடையில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. ஹெலிகொப்டர் குளத்துக்கு மேலால் போய்வந்தது. ஒரு நாள் காலை தில்லைநாதன் தலையைச் சொறிந்தபடி வந்தார். பின்னால் அவருடைய மனைவி இலட்சுமியும் வந்தா.

"அண்ணை, கோவிக்கக் கூடாது. மேலை இருந்து பாக்கிறவனுக்கு இது அப்பக்கொடி எண்டு தெரியுமோ? வயர்லஸ் மரம் எண்டு நினைச்சுப் போட்டானெண்டால்..."

பேதுரு அண்ணாந்து மரத்தின் நுனியைப் பார்த்தார்.

"எங்கடை வீடு மட்டுமெண்டால் நான் சொல்லமாட்டன். பின்னாலை பள்ளிக்கூடம் கிடக்கு" என்றார் தில்லைநாதன்.

"கொடியை நாங்கள் ஒண்டும் செய்யச் சொல்லேல்லை" என்றா இலட்சுமி. "மரத்தை மட்டும்."

அவர்கள் சொன்னதில் பிழையில்லை என்று பேதுருவுக்குத் தெரியும். அன்றைக்கே கயிறுகளை ஒவ்வொன்றாக இளக்கி, புயல் வருகிறதென்று பாய்மரம் இறக்குவது போல, மரத்தைச் சேதமில்லாமல் நிலத்தில் கிடத்தினார். பிறகு இரண்டு நாள் கொடிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அற்புதம்தான் தண்ணீர் ஊற்றினாள். கொடியின் நுனி பிடிக்க ஒன்றுமில்லாமல் நிலத்தில் படுத்திருந்தது.

"இஞ்சருங்கோ, இது பாவமப்பா. எதையெண்டாலும் குடுங்கோ பிடிக்க" என்றாள்.

பேதுரு எழும்பினார். அந்தப் பாய்மரத்தையே நாலாக வெட்டினார். நாலு கால், இடுப்புக்கு மேல் உயரம். அதன்மேல் தும்புக் கயிற்றால் ஒரு வலை பின்னினார். கடற்கரையில் வலை காயப் போட்டிருப்பது போல அது தட்டையாக விரிந்து கிடந்தது. கிணற்றடியிலிருந்து கொட்டில் வரைக்கும் நீளம். கண்ணி பெரிய கண்ணி, ஒரு சாண். முடிச்சுப் போடும்போது விரல்கள் தாமாகவே போயின. அஞ்சு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் வாய்க்குள் ஏதோ பாடியது அற்புதத்துக்குக் கேட்டது.

புரட்டாதியில் றொமேசின் கடிதம் வந்தது. கொடி ஏன் வளரவில்லை என்று இவர்கள் கேட்டதற்குப் பதில்.

'அப்பா, இங்க கோடையில இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். நீண்ட பகல் இருக்கும் வரைக்கும் கொடி ஏறிக்கொண்டே போகும். பகல் குறுகத் தொடங்கினால் கோடை முடிஞ்சுது எண்டு நினைச்சுப் பூக்கும். எங்கட ஊரில ஆறரைக்கே இருட்டிவிடும்தானே. அதுக்கு எப்பவும் கோடை முடிஞ்ச மாதிரித்தான். உயரமா விடாதீங்கோ. குறுக்க விடுங்கோ. பக்கக் கிளை கூட வரும். வேரைக் குளிரா வைச்சிருங்கோ. செம்பேன் வரும், இலையின்ர அடியைப் பாருங்கோ. மழைக்கு முன்னம் அடியோட வெட்டிவிடுங்கோ.'

பேதுரு கொடியைப் போய்ப் பார்த்தார். அது ஏற்கெனவே வலையில் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. பாவம், ஒவ்வொரு நாளும் பொழுது படும்போது கோடை முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறது. அவருக்கு அதன்மேல் ஒரு புது இரக்கம் வந்தது. பிறகு ஒன்பதரைக்கு அடையும் சூரியனை நினைத்துப் பார்த்தார். அப்படியான கடலில் தொழிலுக்குப் போனால் எப்படியிருக்கும்? வலை இழுத்து, மீன் பிரித்து, சாப்பிட்டு, கதைத்து முடித்தும் மேற்கே வெளிச்சம் நிற்கும். மகன் அந்த வெளிச்சத்துக்குள் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறான்.

மாரிக்கு முன் கொடியை அடியோடு வெட்டினார். மழை முடிந்து தை பிறந்ததும் ஒன்றுக்குப் பதில் ஆறு முளை வந்தது. வலையின் கண்ணிகளுக்குள்ளால் நுழைந்து, மேலும் கீழுமாக, நெய்வது போலப் போனது. செம்பேனும் வந்தது. இலை பொன்னிறமாகக் கருகியது. தில்லைநாதன் தன் கத்தரிக்குச் செய்வதுபோல வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்துக் கொடுத்தார். பேதுரு ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பழந்துணியால் துடைத்தார். சித்திரையில் வலை முழுக்கப் பச்சை. கீழே, கண்ணிகளுக்குள்ளால் பூக்கள் கூட்டங்கூட்டமாகத் தொங்கின. வலை நிறைய மீன் பட்டுக் கிடப்பது போல.

அற்புதமும் இலட்சுமியும் பெட்டியில் பூ ஆய்ந்தார்கள். பேதுரு ஒரு பூவைக் கசக்கி மோந்தார். பச்சைத் தோடம்பழத் தோல் மணம், ஈர வைக்கோல் மணம், அடியில் ஏதோ கசப்பு. விரலில் மஞ்சள் தூள் ஒட்டியது. அந்த விரல்களை நெடுநேரம் முகத்தோடு வைத்திருந்தார். அற்புதமும் அவர் கையை வாங்கி மோந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுதான் என்ரை பிள்ளையின்ரை கை மணமோ?" என்றாள். பேதுரு தலையாட்டினார்.

நிழலில் உலர்த்திய பூவை இலவம் பஞ்சோடு கலந்து அற்புதம் ஒரு தலைகணி தைத்தாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பேதுரு அதைக் கொடிப் பந்தலுக்குக் கீழே போட்டுப் படுத்தார். கண்ணிகளுக்குள்ளால் வெயில் காசு காசாக விழுந்தது. காற்று இல்லை. பனங்கூடலும் இரையவில்லை. ஆனாலும் அவர் ஏதோ ஒரு பச்சைத் தண்ணீருக்குக் கீழே இறங்கிப் போனார். மேலே வலை. வலைக்கு மேலே வெளிச்சம். பாய்மரங்களுக்கு நடுவே யாரோ நடந்து வருகிற காலடி. எழும்பியபோது கோழிகள் அடையப் போய்க்கொண்டிருந்தன. அற்புதம் பக்கத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் மூச்சு வருகிறதா என்று பார்த்ததாகச் சொன்னாள்.

கொஞ்சப் பூவைக் கடிதத்துக்குள் வைத்து றொமேசுக்கு அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்ததற்குப் பதில் அந்த ஆண்டின் கடைசியில்தான் வந்தது. அதற்குள் ஆமி முகாம் விழுந்து முல்லைத்தீவுக் கரை திறந்துவிட்டது. சனம் திரும்பிப் போய் உடைந்த வீடுகளைக் கூட்டத் தொடங்கியிருந்தது. பேதுருவும் அற்புதமும் சாமான் கட்டிக்கொண்டிருந்த நாளில் கடிதம் வந்தது.

'பூ வந்தது அப்பா. சின்னனா இருந்தாலும் நல்ல மணம். உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. நான் அந்தத் தோட்டத்தை விட்டு இரண்டு வரியத்துக்கு மேலை. இப்ப பட்டினத்தில ஒரு தொழிற்சாலையில நிக்கிறன். நீங்கள் கொடி கேட்ட உடன மாட்டன் எண்டு சொல்ல மனம் வரேல்லை. பழைய முதலாளிக் கிழவரிட்டப் போய் வேர் வாங்கினனான். நீங்கள் ஒவ்வொண்டு கேட்டு எழுத, ஞாயிற்றுக்கிழமையில ரெயினேறிப் போய் அவரிட்டக் கேட்டுத்தான் எழுதினனான். மூண்டு மணித்தியாலம். உங்கட பூவைக் கொண்டுபோய்க் காட்டினன். கிழவர் மோந்து பார்த்திட்டு, உன்ர அப்பா நல்ல தோட்டக்காரன் எண்டு சொன்னார்.'

அற்புதம் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். பேதுரு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விளையாத தெருக்களுக்குள் நின்று, தகப்பன் கேட்டதற்காக ஒவ்வொரு தரமும் ரெயினேறிய பிள்ளை.

"அவனுக்கு எழுது" என்றார் கடைசியில். "இனிக் கேள்வி இல்லாட்டியும் இடைக்கிடை கிழவரைப் போய்ப் பாக்கச் சொல்லு. தனியப் பட்டினத்தில கிடக்காமல்."

போகும்போது வேரில் ஒரு துண்டைக் கரைக்குக் கொண்டுபோனார். உப்புக் காற்றில் அது ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மற்றது இலட்சுமியிடம் இருந்தது. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிய சனத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இலட்சுமி ஒவ்வொரு துண்டு கொடுத்தா. அதில் எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பேதுருவுக்குத் திரும்ப ஒரு வள்ளத்தில் பங்கு கிடைத்தது. கடலுக்குப் போனார்.

தொண்ணூற்றெட்டு மாசியில் ஒட்டுசுட்டானிலிருந்து மீன் வாங்க வந்த ஒருவர், அங்கே ஒரு வீட்டில் கூம்புப் பூக்கொடி ஒன்று கூரையில் படர்ந்திருப்பதாகச் சொன்னார். பேதுரு அடுத்த நாள் காலையே சைக்கிளை எடுத்தார். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர உச்சி வெயிலாகிவிட்டது. வீட்டுக்காரி வீரம்மா என்கிற நடுவயதுப் பெண். வாசலில் நின்ற அந்நியரைக் கண்டு தண்ணீர் கொடுத்தாள். கொடி குசினியின் தாழ்ந்த கூரை முழுக்கப் பச்சையாகப் படுத்திருந்தது. அவர் வளர்த்ததை விடச் செழிப்பாக இருந்தது.

"இது என்ன கொடி பிள்ளை?"

"கரைப் பக்கத்துக் கொடி ஐயா. மீன்பிடிகாரர் கொண்டந்ததாம். கடற்கரையில காடாக் கிடக்குமாம். நல்ல நித்திரை வரும்."

பேதுருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கூரையோரம் போய், ஒரு இலையைத் திருப்பி வெயிலுக்குப் பிடித்தார்.

"அடியில செம்பேன் தொடங்கியிருக்கு. வேப்பங்கொட்டை இடிச்சு ஊறவைச்சு, துணியாலை துடைச்சு விடுங்கோ. மேலை அடிச்சால் காணாது."

வீரம்மா கிட்ட வந்து இலையைப் பார்த்தாள். பிறகு அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"நீங்கள் தோட்டம் செய்யிறனீங்களோ ஐயா?"

"ஓம் பிள்ளை" என்றார் பேதுரு. "கொஞ்சம்."

அவள் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள். பேதுரு சேட்டுக் கையை மடித்துவிட்டு, அடுத்த இலையைத் திருப்பினார்.